ஆமையின் முதுகும் அப்பாவின் கயிறும்

என் வீட்டுக் கூடத்தில் ஓர் ஆணியில் தையல் டேப் ஒன்று தொங்குகிறது. மஞ்சள் நிறம் வெளுத்து, பழைய கோரைப்பாயின் நிறத்துக்கு வந்துவிட்டது. முதல் சில எண்கள் விரல் பட்டுப் பட்டே அழிந்துபோயின. இந்த வீட்டில் யாருக்கும் தைக்கத் தெரியாது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். "எங்க அக்கா ஆமை அளந்த டேப்பு" என்பேன். சிரிப்பார்கள். இந்த வீடு இந்த இடத்தில் நிற்பதற்கே அந்த ஆமைதான் காரணம் என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்பதால், பாதிப் பேரிடம் அதைச் சொல்வதில்லை.

திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை. அப்பா எங்கள் தெருவின் சங்கத் தலைவரும்கூட. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அக்காதான். அரசாங்க உதவித்தொகையில், தஞ்சாவூரில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்தாள். டாக்டருக்குப் படிக்காமல் பூச்சி, பல்லியைப் படிக்கிறாளே என்று தெருவில் பலருக்கும் வருத்தம். அக்கா கண்டுகொள்ளமாட்டாள். அவளைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. ஒன்று தப்பு என்று அவளுக்குப் பட்டுவிட்டால், சோறு ஆறினாலும் சரி, பஸ் போனாலும் சரி, அதை நேராக்காமல் நகரமாட்டாள்.

அவளுடைய கல்லூரியில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறையில் பெரிய ஆமை ஓடு ஒன்று இருந்தது. மொரீஷியஸ் பக்கம் போய்வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்தது. எங்கள் குளத்தில் தலை நீட்டும் ஆமையை மட்டுமே பார்த்தவளுக்கு அந்த ஓட்டை முதலில் நம்பவே முடியவில்லையாம். ஒரு குழந்தையை உள்ளே படுக்கவைக்கலாம், அத்தனை பெரிது. அல்டாப்ரா என்ற தீவின் ஆமை. பக்கத்துச் சுவரில் தொங்கிய படமோ, உலகத்திலேயே பெரிய தரை ஆமை கலாபகஸ் தீவுகளில்தான் இருக்கிறது என்று சொன்னது. அதன் நீளமும் கீழே போட்டிருந்தது. அக்கா சும்மா இருப்பாளா? விடுதித் தோழியிடம் தையல் டேப்பை வாங்கி, ஓட்டின் கழுத்துப் பக்கத்திலிருந்து வால் பக்கம்வரை முதுகின்மேல் ஓட்டி அளந்தாள். படத்தில் இருந்ததைவிட அதிகமாக வந்தது. மறுநாள் வகுப்பில் எழுந்து, படம் தப்பு, அல்டாப்ரா ஆமைதான் பெரிது என்று சொல்லிவிட்டாள்.

பேராசிரியை அம்மா கோபிக்கவில்லை. ஓட்டின் இரண்டு முனையிலும் இரண்டு பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தச் சொல்லி, பலகைக்குப் பலகை நேராக அளந்து காட்டினார். அளவு எக்கச்சக்கமாகக் குறைந்துபோனது. "முதுகைத் தடவிக்கிட்டே போனா வளைவும் சேந்துதாம்மா வரும். படத்துல போட்டிருக்கிறது நேர் நீளம்" என்றார். வகுப்பு சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "வயல்ல கயிறு போட்ட பழக்கம்" என்றாள். அந்தச் சொல்லை அக்கா அப்பாவிடமோ அம்மாவிடமோ சொன்னதில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அதோடு ஆமையை மறந்திருப்பாள். அக்கா நூலகத்தில் கிடைத்த புத்தகங்களை எல்லாம் புரட்டினாள். விடுமுறையில் வந்து, நெல் அவித்துக்கொண்டிருந்த எங்களிடம் அதையே பேசினாள். ஒரு புத்தகம் ஓர் ஆமையை முதுகோடு அளந்திருக்குமாம், இன்னொன்று நேராக அளந்திருக்குமாம். மூன்றாவது புத்தகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது பெரிது அது சிறிது என்று எழுதிவிடுமாம். "எப்படி அளந்தான்னே சொல்லாம எவ்ளோன்னு சொல்றான்டி, அநியாயம் இல்லையா?" என்று என்னைப் பிடித்து உலுக்குவாள். ஒரே மாதிரி அளந்தால் கலாபகஸ் ஆமைதான் முந்தும், ஆனால் அங்கேயும் தீவுக்குத் தீவு வேறு, சில தீவுகளின் ஆமைகள் அல்டாப்ரா ஆமைக்குத் தோற்றுப்போகும், ஆப்பிரிக்காவின் பாலைவன ஆமை இந்த இரண்டுக்கும் வெகுதூரம் பின்னால் மூன்றாவதாக வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அம்மாவுக்குத்தான் தாங்காது. ஆமை வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்று நம்பியவள் அவள். "வெளக்கு வைக்கிற நேரத்துல அந்தப் பேர எடுக்காதடி. வேணும்னா தெருவுல நின்னு பேசு" என்பாள். அக்கா நிஜமாகவே தெருவில் போய் நின்று பேசுவாள்.

அந்தத் தெருவுக்குத்தான் அப்போது ஆபத்து வந்திருந்தது. கூலிச் சண்டையில் ஊர் இரண்டுபட்டிருந்த காலம். வேலைநிறுத்தம் செய்தால், "என் மனையில குடியிருந்துக்கிட்டு எனக்கே எதிரா கொடி பிடிக்கிறியா? காலி பண்ணு" என்பதுதான் பண்ணையின் முதல் பேச்சாக இருக்கும். இத்தனை காலம் எங்கள் வாயை அடைத்தது அந்த ஒரு சொல்தான். புது ஆட்சியில், குடியிருக்கும் மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்தது. ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணம் வைத்திருந்த வரைபடத்தில் எங்கள் தெரு வாய்க்கால் கரையில் தொடங்கிக் கடைசி வீட்டுக் கொல்லைவரை எத்தனை அடி என்று பார்த்து, அந்த அடிக்கணக்கைத் தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். ஊரில் அளந்து எல்லைக்கல் நட்டுவிடுங்கள், நட்ட கல்லை அப்படியே பதிந்துகொள்கிறோம் என்றார் தாசில்தார். கடைசி வீடு எங்களுடையது.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளம் வந்தால் வயலும் தெருவும் ஒன்றாகிவிடும் ஊர் அது. அதனால் ஒவ்வொரு குடும்பமும் பக்கத்தில் குழி வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி, மேடு எழுப்பி, அதன்மேல்தான் குடிசை போடும். ஒரு மேடு, ஒரு குழி, மறுபடி ஒரு மேடு என்று தெரு முழுக்க ஏறி இறங்கிப் போகும். குழியில் மழைத் தண்ணீர் நிற்கும்.

அளக்கிற நாள் பொங்கலுக்கு முன்னால் வந்தது. அக்கா விடுமுறைக்கு வந்திருந்தாள். கர்ணம் வந்திருந்தார். பண்ணைக்கார மிராசுதாருக்காக அவருடைய காரியக்காரர் கயிறோடு வந்தார். அப்பா அவரை நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் பரப்பு பார்த்துக் கூலி போடும்போது, பண்ணை ஆட்கள் கயிற்றை அந்தரத்தில் தூக்கி இழுத்துப் பிடிப்பார்கள். இழுத்த கயிறு நீளும், நாங்கள் வேலை செய்த வயல் சுருங்கும். அதற்காகச் சண்டை போட்டுச் சங்கம் ஏற்படுத்திய வழக்கம், கயிறு தரையில் படிய வேண்டும், அதன்மேல் எங்கள் ஆள் ஒருவர் காலை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும் என்பது. அப்பா அன்றைக்கும் அதையே சொன்னார்.

"கயிறு தரைய விட்டு எழும்பக் கூடாதுங்க. நான் மிதிச்சுக்கிட்டே வருவேன்."

காரியக்காரர் சிரித்துக்கொண்டே, "உன் இஷ்டம்ப்பா. நல்லா அழுத்தி மிதி" என்றார். அவர் அத்தனை சுலபமாகச் சம்மதித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கயிறு வாய்க்கால் கரையில் தொடங்கியது. மேட்டில் ஏறியது, குழியில் இறங்கியது, மறுபடி ஏறியது. அப்பா வெற்றி பெற்றவர் மாதிரி மிதித்துக்கொண்டே வந்தார். தாளில் எழுதிய அடிக்கணக்கு தீர்ந்தபோது கயிறு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. பக்கத்து வீட்டின் சுவரோரம் நின்றுவிட்டது. அங்கே கல் நட்டார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் எங்கள் குடிசை, எங்கள் அடுப்பு, அம்மா கோலம் போட்டிருந்த வாசல். எல்லாம் பண்ணை நிலம். அம்மா வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மறுபடி அளப்போம்" என்றது தெரு. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் சொன்னபடிதான் கயிறு போட்டாங்க. நான்தான் மிதிச்சேன். என் வீடு வெளியில போச்சுன்னு இப்ப வேற மாதிரி பிடின்னா, நாளைக்கு எந்தக் களத்துல என் பேச்சு எடுபடும்?" வீடு போனால் போகட்டும், வழக்கம் உடையக்கூடாது என்று நின்றார். பிடிவாதம் அக்காவுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அக்கா உள்ளே போனாள். நெல் அவிக்கிற அண்டாவைத் தூக்கிவந்து, தெரு நடுவில் கவிழ்த்தாள். தோழி திருப்பிக் கேட்காத அந்தத் தையல் டேப்பை எடுத்து அண்டாவின் முதுகின்மேல் ஏற்றி இறக்கி, தரையிலிருந்து தரைவரை அளந்து, அந்த அளவில் கட்டைவிரலை வைத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு அண்டாவின் இரண்டு பக்கமும் இரண்டு மூங்கில் குச்சியை நட்டு, குச்சிக்குக் குச்சி நேராக டேப்பைப் பிடித்தாள். மிச்ச டேப் அவள் கையிலிருந்து தொங்கியது.

"பாத்தீங்களா? நேரா போனா இவ்ளோதான். முதுகு மேல ஏறி எறங்குனா இவ்ளோ கூட. ஒரு அண்டாவுக்கே இப்படின்னா, தெருவுல எத்தன மேடு, எத்தன குழி? நம்ம மேட்டையும் குழியையும் அளந்துதான் நம்ம அடி தீந்துபோச்சு."

காரியக்காரர் குரலை உயர்த்தினார். "கயித்த அந்தரத்துல பிடிக்கக் கூடாதுன்னது உங்கப்பன்தானே?"

அக்கா கர்ணத்தின் பக்கம் திரும்பினாள். "ஐயா, அந்த அடிக்கணக்க வரைபடத்தப் பாத்துத்தானே எழுதுனீங்க? படத்துல எங்க மேடு குழியெல்லாம் இருக்குங்களா?"

கர்ணம் காரியக்காரரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். தெரு முழுக்க ஆட்கள். "படம் தட்டைதாம்மா. அதுல இருக்கிறது நேர் நீளம்தான்" என்றார்.

"அப்ப நேர் நீளத்தத்தானே அளக்கணும்? வயல் தட்டை, அங்க தரையில படிஞ்சாலும் நேர்தான். அப்பா வழக்கம் வயலுக்குச் சரி. இது ஆமை முதுகுப்பா. முதுகத் தடவி அளக்காதீங்க."

அப்பாவின் கால் அப்போதும் கயிற்றின்மேல்தான் இருந்தது. கவிழ்ந்து கிடந்த அண்டாவைப் பார்த்தார். பிறகு காலை எடுத்தார். ஊர்ச் சண்டை எத்தனையோ பார்த்திருக்கிறேன், அதைப் போல் ஒரு காரியத்தைப் பார்த்ததில்லை.

எடுத்த கையோடு அவர் மறுபடி தலைவராகிவிட்டார். "கயிறு வேணாம். அந்தரத்துல பிடிச்சா கயிறு நீளும், அப்பறம் நாம ஏமாத்துனதா ஆயிடும். மூங்கில் நீளாது. நீளமா ஒரு மூங்கில் வெட்டுங்கடா." மூங்கிலைக் கர்ணத்தின் எதிரில் அளந்து வெட்டினார்கள். முனையில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, மேட்டுக்கு மேடு மட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூங்கிலின் ஒரு முனையைப் பிடித்தது நான். கடைசிவரை அதை இறக்கவேயில்லை. கணக்கு எங்கள் கொல்லையில், முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் முடிந்தது. அப்பாவே கடப்பாரையால் கல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நட்டார். காரியக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அப்பா சைக்கிளில் மூங்கிலைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர்த் தெருக்களுக்கெல்லாம் போனார். "எம்பொண்ணு சொன்ன ஆமை அளவு" என்பார். அம்மா விளக்கு வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டு, "ஏன்டி, அந்த ஆமை என்னதான்டி திங்கும்?" என்று கேட்டதும் அந்தப் பொங்கலில்தான்.

அக்கா பட்டுக்கோட்டையில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். வயதான பிறகு ஒருமுறை சென்னைக்குப் போனபோது, விலங்குக் காட்சியகம் ஒன்றில் உயிருள்ள அல்டாப்ரா ஆமை ஒன்றை இருவரும் பார்த்தோம். அது ஒரு கீரைக்கட்டை மென்றுகொண்டிருந்தது. வேலியோரப் பலகையில் அதன் நீளம் எழுதியிருந்தது. அக்கா காவலாளியைக் கூப்பிட்டு, "இது முதுகு மேல அளந்ததுங்களா, நேரா அளந்ததுங்களா?" என்று கேட்டாள். "பலகைல எழுதியிருக்கிறதுதாம்மா எனக்குத் தெரியும்" என்றார் அவர், பாவம். "அப்ப இந்தப் பலகைய நம்பாதடி" என்றாள் என்னிடம். பையில் டேப் இருந்தது. நான் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் வேலி தாண்டியிருப்பாள். இப்போது அவள் இல்லை. அந்தச் சொல்லை எழுதுவதற்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை, எழுதிவிட்டேன்.

போன மாதம் தெருவுக்கு வடிகால் போட அளக்க வந்தார்கள். குடிசைகள் எல்லாம் காரை வீடுகளாகிவிட்டன, மேடு மட்டும் அப்படியே இருக்கிறது. நல்ல பையன், சின்ன வயது இன்ஜினீயர். வரைபடத்து அளவை வைத்துக்கொண்டு, வாய்க்கால் கரையிலிருந்து நீள டேப்பை மேட்டின்மேல் படியவிட்டு, காலால் அழுத்திக்கொண்டு, எங்கள் கொல்லைக் கல் வடிகாலுக்குள் வருகிறது, முருங்கையோடு சுவரும் இடிபடும் என்றான். நான் கூடத்துக்குப் போய் ஆணியிலிருந்த டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கொல்லையில் கிடந்த மூங்கிலை எடுத்தேன். பேரன் உதவிக்கு வந்தான், வேண்டாம் என்றேன். நேராகப் போய் அந்தப் பையனுக்கு முன்னால் நின்றேன்.

"தம்பி, மொதல்ல கால எடுங்க" என்றேன்.