ஒன்பது புனிதர்களும் ஒரு பின்சுவரும்

கட்டி முடித்த கோவிலைப் பார்க்கத்தான் எல்லோரும் பயணம் போவார்கள். முடியாத கோவிலைப் பார்க்க நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர் போனவன் நான். என் மைத்துனன் அருளப்பன் இருபது வருடமாகத் திருவனந்தபுரத்தில் கொத்தனார். இன்னும் இரண்டு மாதத்தில் அவன் மகளுக்குக் கல்யாணம். இடித்துக் கட்டும் தன் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில், தமிழ்ப் பூசையோடுதான் அது நடக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வேலை நின்றுபோனதும், "அத்தான், வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று கூப்பிட்டான். என் வார்த்தைக்கு வீட்டில் என்ன மதிப்பு என்று அவன் அக்காவிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

போன ஞாயிறு ஒன்பதரைக்குத் திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலைவிட்டு இறங்கினேன். சாலை என்கிற கடைவீதிக்குப் பின்னால்தான் கோவில். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். திரும்பும்போது நடந்தேன், பதினைந்தே நிமிடம். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

உள்ளே போனால் பீடத்துக்குப் பின்சுவர் முழுக்க ஓட்டை.

"இது என்னடே, புறாக்கூடா?"

"மாடம் அத்தான்."

இந்தப் பங்கில் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கொத்தனார்கள். ஊர்வாரியாக முறை வைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தன் முறை வந்ததும் ஒவ்வொரு ஊரும் தன் பாதுகாவலரான புனிதரின் சிலைக்குச் சத்தமில்லாமல் ஒரு மாடம் விட்டிருக்கிறது. அந்தோணியார், செபஸ்தியார், மிக்கேல் என்று மொத்தம் ஒன்பது. கூரையின் பாரம் இறங்குவது இந்தச் சுவரில். "அடைக்காமல் கூரைக்குச் சென்ட்ரிங் அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் போய்விட்டார். அடைக்க எல்லோருக்கும் சம்மதம்தான், அடுத்த ஊர்க்காரன் முதலில் அடைத்தால்!

நான் பேசினேன். நல்ல பேச்சு. நடுவிலேயே இரண்டு பேர் டீ குடிக்கப் போனார்கள்.

பங்குத்தந்தை மலையாளி, இளைஞர். எல்லோருக்கும் அவர் அச்சன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "திருநாளுக்கு ஒன்பது சப்பரம் போகும் அல்லே? எந்த ஊர் மாடம் முதல்ல அடையுதோ, அவங்க புனிதர் முன்னால போகட்டே."

பிறகு கரண்டிச் சத்தம் மட்டும்தான். ஒரு சாந்துச் சட்டிக்கு நாலு பேர் அடிதடி. "வேய், எங்க அந்தோணியாருக்குக் கலக்குனது வேய் அது!" பேச வந்த என் தலையிலும் செங்கல் ஏறியது. கழுத்து இன்னும் திரும்பவில்லை.

மூன்று மணிக்கு எட்டு அடைந்துவிட்டது. மிச்சம் எங்கள் ஊர்ச் சவேரியார். அருளப்பன் அதுவரை மற்ற ஊர்க்காரர்களுக்கே சாந்து குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏம்டே, நம்ம மாடத்தைக் கோட்டை விட்டுட்டியே?"

"முதல் மாடம் வச்சதே நான்தான் அத்தான். அதைப் பாத்துத்தான் மத்தவனுவளும் வச்சானுவ." கடைசிச் செங்கலை வைத்து, கரண்டியால் தட்டினான். "சவேரியாரு கடைசியில வரட்டும். எம் பொண்ணு இந்த வாசல்ல வந்தாப் போதும். அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

திங்களன்று கூரைக்கான சென்ட்ரிங் பலகை வந்து இறங்கிவிட்டது. நீங்கள் போவதாக இருந்தால் தம்பானூரிலிருந்து நடந்தே போங்கள், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், எந்தச் சப்பரம் முன்னால் என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். என் மனைவி நான் எழுதுவதைப் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும்.