வயா எங்கள் ஊர்

வாத்தியார் டிரெய்னிங் முடிந்த கையோடு, ஜூனில் வந்து சேரச் சொல்லி உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ் எங்கள் ஊரைத் தொடாது. ஏரிக்கரை ரோட்டில் நடந்து கூட்ரோட்டுக்குப் போய்த்தான் ஏற வேண்டும்.

“பஸ்ஸு ஊருக்குள்ள வந்தா வேலைக்குப் போ. தெனம் ஏரிக்கரைல உன்ன தனியா நடக்க வுடமாட்டேன்” என்றார் அப்பா. பஸ் எந்தக் காலத்திலும் வராது என்ற தைரியம் அவருக்கு. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மாமாவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பஸ் முதலாளியிடமே போய்க் கேட்டேன். “அந்த ரோட்டுல வந்தா அச்சு முறிஞ்சிடும்மா. ரோட்ட சரி பண்ணுங்க, பர்மிட் என் பொறுப்பு. வயா உங்க ஊருன்னு போர்டே மாட்டறேன்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் வயா என்றால் சாலையாம். இங்கிலீஷ்காரன் அதை எடுத்து, ‘இன்ன ஊர் வழியாக’ என்று சொல்லப் பழகிக்கொண்டானாம். தபால் உறையில் எத்தனை முறை பார்த்திருப்பேன், அதற்குள் ஒரு சாலை இருப்பது தெரியாமல் போயிற்று.

எங்கள் ஊரில் தேர் ஓடுவதற்கு முன்னால், சக்கரம் புதையாமலிருக்க வீட்டுக்கு ஒரு வண்டி மொரம்பு மண் கொட்டுவார்கள். சித்திரையில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். “சாமி தேருக்குக் கொட்றீங்க. புள்ளத்தாச்சிங்க ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸுக்குக் கொட்டக் கூடாதா?” முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பியது. அப்பாவின் மாடுகள் மட்டும் கொட்டகையில் அசை போட்டுக்கொண்டிருந்தன.

“உம் பொண்ணு ஊரையே வண்டி கட்ட வச்சிட்டா. நீ இன்னா, பாத்துக்கினு குந்திக்கினு கீற?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். மறுநாள் அப்பாவின் வண்டிதான் முதலில் நின்றது. மண்ணைக் கொட்டிவிட்டு அடுத்த நடைக்குப் போனார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை பஸ் வந்தது. பெயிண்ட் வாசனை போகாத பலகையில் உத்திரமேரூர் என்று பெரிதாகவும், அதன் கீழே வயா போட்டு எங்கள் ஊர்ப் பெயரும் இருந்தன. ஊரே கூடி நின்றது. ஜெயித்துவிட்டேன், எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பலகையைக் காட்டி அதைப் படிக்கச் சொன்னார் அப்பா. படித்தேன்.

“வயான்னா இன்னா?”

“ரோடுன்னு அர்த்தம், நைனா.”

“அப்போ நாம போட்டதத்தான் எழுதிக்கீறான்” என்றவர், மடியிலிருந்து சில்லறையை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார்.

“உத்திரமேரூரு ஒண்ணு குடுப்பா. டீச்சரம்மாவுக்கு.”