குத்துவிளக்குக்குப் பின்னால் ஓர் எச்சரிக்கை

தீபாவளி வாழ்த்துக்காக யாராவது உங்களைத் திட்டியதுண்டா? போன வாரம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திட்டியவர் செல்வி. ஜொகூர் மாநிலத்தின் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. அங்கே லீவுக்கு விண்ணப்பிக்கும் இணையச் செயலியைச் செய்து கொடுத்த பாவி நான். வேறொரு வேலையாக அங்கே போனவனை கேண்டீனில் மடக்கிவிட்டார்.

"அண்ணே, நான் லீவு போட்டேன். உடனே ஹேப்பி தீபாவளின்னு வந்துச்சு. அப்போ கெடச்சிருச்சுன்னுதானே நெனப்பேன்? இப்போ பார்த்தா தீபாவளி அன்னிக்கு எனக்கு ஷிப்ட்டு போட்டிருக்காங்க!"

மகளுக்குத் தலைத்தீபாவளி. கூச்சிங்கிலிருந்து மருமகனோடு வருகிறாள். விமான டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. அம்மா மட்டும் தொழிற்சாலையில் அட்டைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம்!

"என் முன்னாடி மறுபடி போடுங்க" என்றேன். போட்டார். திரை முழுக்கக் குத்துவிளக்கும் கோலமும் வாழ்த்தும். மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு பெருக்கல் குறி... அதை அமுக்கிப் படத்தை மூடினேன். பின்னால் வெளிர் தங்க நிறத்தில் ஒரு பெட்டி: 'விண்ணப்பம் போகவில்லை. உங்களுக்குப் பதில் வருபவரின் பெயரைச் சேர்க்கவும்.'

எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே!

நம் மலேசிய வழக்கம் உங்களுக்குத் தெரியும். சீனப் பெருநாளோ, நோன்புப் பெருநாளான ராயாவோ, தீபாவளியோ — வங்கி முதல் டயர் கடை வரை எல்லாரும் வாழ்த்துப் போட்டே ஆக வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் வாழ்த்து எங்கே உட்கார வேண்டும்?

திரையில் எந்தப் பெட்டி மேலே, எது கீழே என்பதை ஓர் எண்ணால் சொல்வோம். எண் பெரிதென்றால் இடம் மேலே. அதையும் நிறத்தையும் தொழிற்சாலைக்காரர்களே மாற்றிக்கொள்ள ஒரு பக்கம் வைத்திருந்தேன். அங்கே புகுந்த எச்.ஆர். மேனேஜர் மோகன், வாழ்த்துப் படத்துக்கு ஒன்பது ஒன்பதாக அடுக்கியிருந்தார். எச்சரிக்கையின் சிவப்பையும் எடுத்துவிட்டிருந்தார். அவர் அறைக்கே போய்க் கேட்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா செவப்புல பெட்டி வந்தா என்னமோ தப்பு நடந்த மாதிரி இருக்குலா, ப்ரதர்."

"தப்பு நடந்தாத்தான் சார் அந்தப் பெட்டியே வரும்!"

"அதுக்காக? கொஞ்சம் அழகா சொல்லலாமே?"

என்னத்தைச் சொல்ல! சிவப்பைத் திரும்பக் கொண்டுவந்தேன். எச்சரிக்கையை மேலே ஏற்றினேன். உடனே பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். ஹெல்மெட் அறிவிப்பு அதற்கும் மேலே வர வேண்டுமாம். கேண்டீன்காரருக்குத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் படம் மேலே வேண்டுமாம். எல்லாரும் மேலேயே நின்றால் கீழே யாரப்பா நிற்பது?

யோசித்தால், இது செயலியின் நோய் மட்டுமல்ல. நமக்குச் சொல்ல ஒன்று இருந்துவிட்டால் மற்றதையெல்லாம் மறைத்துக்கொண்டு சொல்கிறோம். எதிரில் இருப்பவருக்கு எது அவசரம் என்று யார் கேட்கிறோம்?

செல்வி விஷயத்துக்கு வருகிறேன். மோகன் கையை விரித்துவிட்டார். "ஷிப்ட்டு போட்டு முடிச்சாச்சு. அவங்களுக்குப் பதிலா வர ஆள் இல்ல. நான் என்னா செய்ய?"

கேண்டீனுக்குத் திரும்பி, செல்வியிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னேன். அவர் பக்கத்தில் பால் சேர்க்காத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார் ரொஹானி. பேக்கிங்கில் செல்விக்கு அடுத்த இடம் அவருடையது. செல்வியின் முகத்தைப் பார்த்து என்ன ஏதென்று கேட்டார். செல்வி மலாயில் சொன்னார்.

"என் பேரைப் போடு" என்றார் ரொஹானி, அவரும் மலாயில். "தீபாவளிக்கு நான் வரேன். ராயாவுக்கு நீ வா."

பெயரைச் சேர்த்து அனுப்பினோம். இந்த முறை விண்ணப்பம் போய்விட்டது. 'என் பேரைப் போடு' என்பதை ரொஹானி சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. செல்விதான் கேண்டீன் முழுக்கக் கேட்கும்படி அழுதார்.