ஆறு வாரம் பிந்திய லண்டன்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. பாலக்கரை மாதா கோயிலில் நினைவுப் பூசைக்கு வந்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் கையில் கொடுக்கப்படும் இம்மலரில் மகள் என்ற முறையில் நானும் எழுத வேண்டும் என்று அம்மா சொன்னார். அப்பாவின் பக்தியையும் நேர்மையையும் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பொய் ஏதும் இல்லை. நான் லண்டனைப் பற்றி எழுதுகிறேன். அப்பாவை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அப்பா பிறந்தது கொள்ளிடத்துக்கு வடக்கே, லால்குடிப் பக்கம் ஒரு சிற்றூர். ஆறு வயதில் தகப்பனாரை இழந்தார். பங்குச் சாமியார் ஒருவர் இரக்கப்பட்டுத் திருச்சியில் மாணவர் விடுதி ஒன்றில் சேர்த்துவிட்டார். அங்கே படிப்பறைச் சுவரில் லண்டன் நகரின் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருந்ததாம். குறும்பு செய்யும் பையன்களை அந்தச் சுவரைப் பார்த்து நிற்க வைப்பது விடுதியின் வழக்கம். மற்றவர்கள் நின்றுவிட்டு வந்தார்கள், அப்பா படித்துவிட்டு வந்தார். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் தேம்ஸ் நதியின் பாலங்களை வரிசையாக ஒப்பிப்பாராம். அவர் எவ்வளவு அடங்காத பிள்ளையாக இருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பொன்மலையில் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அம்மாவை மணந்து பாலக்கரையில் வாடகை வீட்டில் குடியேறினார். அண்ணனும் நானும் அங்கேதான் பிறந்தோம். சுதந்திரத்துக்குப் பிறகு, அப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர், தாம் படித்து முடித்த லண்டன் நாளிதழ்களை வாரத்துக்கு ஒரு சுருளாகக் கப்பல் தபாலில் அனுப்பத் தொடங்கினார். பதிலுக்கு அப்பா கிறிஸ்துமஸ் தோறும் ஒரு டின் முறுக்கு அனுப்புவார். போய்ச் சேரும்போது அது என்ன கதியில் இருந்தது என்று நாங்கள் விசாரித்ததில்லை.

சுருள் வந்து சேர ஆறு வாரம் ஆகும். வந்ததும் அப்பா அதைப் பிரித்து, நாள்வாரியாக அடுக்கி வைப்பார். திங்கட்கிழமைப் பத்திரிகையைத் திங்கட்கிழமைதான் படிப்பார், செவ்வாயுடையதைச் செவ்வாயன்று. ஒரு நாளைக்கு ஒன்று. மறுநாள் பத்திரிகை பக்கத்திலேயே கிடக்கும், தொடமாட்டார். அலுவலகம் விட்டு வந்து காபி குடித்தபின் பார்லிமென்ட் செய்தி, கச்சேரி, நாடக விமரிசனம், மழை, மூடுபனி என்று ஒரு வரி விடாமல் படிப்பார். அங்கே எந்த நடிகருக்குக் குரல் போய்விட்டது என்று அம்மாவிடம் வருத்தத்தோடு சொல்வார். அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, ஐயோ பாவம் என்பார்.

லண்டனைப் பற்றி வேறு யாராவது முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது. கையை உயர்த்தி, "நமக்கு அது இன்னும் வரல" என்பார். ஐம்பத்திரண்டில் இங்கிலாந்து அரசர் இறந்த செய்தி ரேடியோவில் வந்து, அலுவலகம் முழுக்க அதே பேச்சாக இருந்தது. அப்பாவின் பக்கத்து மேஜைக்காரர், ஸ்ரீரங்கத்து ஐயங்கார், "உம்ம ராஜா க்ஷேமமா இருக்காரா ஓய்?" என்று வேண்டுமென்றே கேட்டிருக்கிறார். அப்பா தலையை நிமிர்த்தாமல், "இன்னும் ஆறு வாரம் இருப்பாருங்க" என்றாராம். அப்படியே அந்தத் தேதி நாளிதழின் முறை வந்த அன்று அப்பா மாலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஊரே மறந்துபோன துக்கத்தை அவர் தனியாகக் கொண்டாடினார். சூயஸ் கால்வாய் மூடிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த மாதங்களில் லண்டன் இன்னும் பின்னுக்குப் போய்விட்டது. அப்பா அதையும் பொறுமையாக ஏற்றுக்கொண்டார்.

எனக்கு இதெல்லாம் எரிச்சலாக இருந்தது. புளிசாதம் கட்டிக்கொண்டு முக்கொம்புக்குப் போனால், காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில் நின்றுகொண்டு, தேம்ஸில் கடலின் ஏற்றம் எதுவரை தெரியும் என்று என் கல்லூரித் தோழிகளுக்கு விளக்குவார். எனக்கு மானம் போகும். நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அவர் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை.

போனது அண்ணன். அறுபதாம் ஆண்டில் இன்ஜினீயர் வேலை கிடைத்து லண்டன் புறப்பட்டார். எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அப்பா ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதிக் கொடுத்தார். அண்ணன் வாரந்தோறும் இரண்டு நீல நிற விமானக் கடிதங்கள் எழுதுவார். அம்மாவுக்கு ஒன்று, சாப்பாடும் உடல்நலமும். அப்பாவுக்கு ஒன்று, லண்டன். இரண்டும் பத்து நாளில் வந்துவிடும்.

அதுதான் தொல்லையாகப் போயிற்று. அப்பாவின் லண்டன் ஆறு வாரம் பின்னால் இருந்தது. அண்ணனின் கடிதம் அதை முந்திக்கொண்டு வந்து நின்றது. அப்பா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கடிதத்தின் மேல் தபால் முத்திரையில் அது அனுப்பப்பட்ட தேதி இருக்கும் அல்லவா? பத்திரிகை அந்தத் தேதிக்கு வரும்வரை கடிதத்தைப் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் வைத்துவிடுவார். வந்த நாள், பிரிக்க வேண்டிய நாள் இரண்டையும் பென்சிலால் மேலே குறித்துவைப்பார்.

பிள்ளை எழுதின லெட்டரை யாராவது ஊறப்போடுவாங்களா என்று அம்மா சத்தம் போட்டார். சுகம் என்று உனக்குத்தான் எழுதியிருக்கிறானே, எனக்கு அவசரம் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். தெரிந்தால் பிள்ளை அப்பாவுக்கு எழுதுவதையே விட்டுவிடுவான் என்று பயந்து அம்மா அண்ணனுக்கு இதைத் தெரிவிக்கவில்லை. நான் சிரித்தேன். தோழிகளிடமும் சொல்லிச் சிரித்தேன். அதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

அறுபத்திரண்டின் தொடக்கம், ஒரு சனிக்கிழமை பிற்பகல். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா அன்றைய பத்திரிகையை முடித்துவிட்டு, அதே தேதியிட்ட அண்ணனின் கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பிரித்தார். நான் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அவர் படித்தார். பிறகு இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்து, முறை வராமல் கிடந்த கடிதங்களையும் எடுத்துப் பிரித்தார், அந்த மாதம் இரண்டுதான் வந்திருந்தன. முறை தவறி அவர் எதையும் பிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

மூன்றையும் என்னிடம் நீட்டினார். முதல் கடிதத்தில் அண்ணன், தமக்கு நுரையீரலில் நோய் கண்டிருப்பதாக எழுதியிருந்தார். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள், செய்துகொள்ளட்டுமா, ஊருக்கு வந்துவிடட்டுமா, பயமாக இருக்கிறது, அப்பா ஒரு வரி எழுதினால் போதும், தந்தி வேண்டாம், அம்மா பயந்துவிடுவார். இரண்டாவதில், என் கடிதம் கிடைத்ததா என்று கேட்டிருந்தார். மூன்றாவது இரண்டே வரி. ஆபரேஷன் முடிந்துவிட்டது. உங்களுக்கு வேலை அதிகம் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே வாரம் தவறாமல் சுகம் என்று எழுதியிருக்கிறார். அம்மாவும் அதற்கெல்லாம் உடனுக்குடன் பதில் போட்டிருக்கிறார்.

தந்தி ஆபீசுக்கு ரிக்‌ஷாவில் போனோம். படிவத்தில் எழுத அப்பாவுக்குக் கை வரவில்லை. சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். "லெட்டர் இன்னிக்குத்தான் வந்துச்சுன்னு எழுதும்மா" என்றார். எழுதினேன். அப்பாவைப் பொறுத்தவரை அதில் பொய் இல்லை. ஆனால் அந்த முதல் கடிதத்தோடு அதே நாளில் அம்மாவுக்கு அனுப்பிய கடிதம் என்றைக்கு வந்து சேர்ந்தது என்று அம்மாவின் பதிலிலிருந்து அண்ணனுக்குத் தெரியும். தகப்பனார் தம்மிடம் பொய் சொல்கிறார் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அண்ணன் பிழைத்தெழுந்தார். அதன்பிறகு நீலக் கடிதம் வாரம் ஒன்றுதான் வந்தது, அம்மாவுக்கு. கடைசி வரியில் அப்பாவுக்கு என் வணக்கம் என்று இருக்கும். அப்பாவுக்கென்று ஆண்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து.

அந்தச் சனிக்கிழமையோடு அப்பா லண்டனை விட்டுவிட்டார். சுருள்கள் வந்துகொண்டுதான் இருந்தன. நன்றி சொல்லிப் பதில் எழுதிவிட்டு, மேலுறையைக் கிழிக்காமல் பரணில் போட்டுவிடுவார். எல்லாரும் ஏதாவது ஒன்றை விட்டிருக்கும் தவக்காலத்தில் மூக்குப்பொடியைக்கூட விடாதவர் அவர். தபால்காரர் வரும் நேரத்துக்கு மட்டும் வாசலில் நிற்பார்.

நடந்ததை அண்ணனுக்கு எழுதிவிடுங்கள் என்று பலமுறை கேட்டேன். ஒருநாள் பதில் சொன்னார்.

"என்னன்னு எழுதறது? நீ கட்டில்ல கிடந்தப்போ உன் லெட்டர் மேஜைக்குள்ள இருந்துச்சு, நான் பழைய பேப்பர் படிச்சிட்டு இருந்தேன்னா? நான் இருக்கிற வரைக்கும் நீயும் எழுதாதம்மா."

நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்பாவின் பேச்சைத் தட்டாத மகள் என்று உறவினர்கள் என்னைப் புகழும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஓய்வு பெற்றபின் எடமலைப்பட்டி புதூரில் சிறிய வீடு ஒன்று கட்டிக் குடிபோனோம். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து அப்பா படுத்தார். பேச்சுக் குழறியது. பிற்பகலில் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் கண்ணை வாசல் பக்கம் திருப்புவார். நாற்பது நாள் படுத்திருந்து, கடைசிச் சடங்கான அவஸ்தைப்பூசுதல் பெற்று அமைதியாக இறந்தார். அடக்கத்துக்கு அண்ணனால் வர இயலவில்லை. தூரம் அப்படி. யாரும் குறையாக நினைக்கவில்லை.

அப்பாவின் கடைசி நாட்களில் வேளை பாராமல் வந்து பார்த்த டாக்டருக்கும், பங்குத் தந்தைக்கும், எங்களைச் சமைக்கவிடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செவ்வாய்தோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, கட்டில் அருகே அமர்ந்து, அன்றைய பத்திரிகையை அன்றே அப்பாவுக்கு வாசித்துக்காட்டிய ஐயங்கார் மாமாவை மறக்க முடியாது. கடிதம் இல்லாத நாளிலும் சைக்கிளை நிறுத்தி, இன்னிக்கு இல்லீங்க ஐயா என்று சொல்லிவிட்டுப் போன தபால்காரருக்கும் நன்றி.

இனி அண்ணனுக்கு. அப்பாவின் இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது உங்களுடைய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் ஆறும் இருந்தன. ஒவ்வொன்றிலும் வந்த நாள், பிரித்த நாள் என்று பென்சிலால் குறித்திருக்கிறார். ஆறிலும் இரண்டு தேதியும் ஒன்றுதான். அந்த மூன்று நீலக் கடிதங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றிலும் குறித்திருக்கிறார். அண்ணா, நீங்கள் ஆஸ்பத்திரியில் காத்திருந்த அந்த வாரங்களில் அப்பா உங்களை மறந்திருக்கவில்லை. உங்கள் கடிதம் அவருக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அம்மா இதைப் படித்துவிட்டு, அச்சில் போடு என்று சொன்னார். உங்கள் பிரதியை விமானத் தபாலில் அனுப்புகிறேன். வந்த அன்றே பிரித்துவிடுங்கள்.