மாவு மில்காரரின் தாலாட்டு

என் அக்கா வீட்டுக்காரர் ரகசியம் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். மாவு மில் வைத்திருப்பவர். நாளெல்லாம் அந்த இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை அப்படியே ஆகிவிட்டது. அக்காவோ நூலகத்தில் வேலை பார்க்கிறவள். பேசினாளா, பெருமூச்சு விட்டாளா என்று பக்கத்தில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஜோடியைச் சேர்த்து வைத்த மகராசன் யாரென்று இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருக்கும் பாட்டென்றால் உயிர். சேர்ந்துதான் பாடுவார்கள். சேர்ந்து என்றால், மாமா பாடுவார், அக்காவுக்கு உதடு அசையும்.

தூரத்தில் இருக்கும் அவர்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. "எனக்குப் பாடுவீங்களே, அந்தத் தாலாட்டை ரெண்டு பேரும் பாடி அனுப்புங்க" என்றாள். ஃபோனில் பதிந்து அனுப்பினார்கள். மறுநாள் கேட்டாளே பார்க்கலாம்: "அப்பா குரல் மட்டும்தான் இருக்கு. அம்மா ஏன் பாடல? கோவமா?"

அக்கா சிரித்து மழுப்பிவிட்டு ஃபோனை வைத்தாள். பிறகு அடுப்படியில் நின்று அழுதாள். "பேத்திக்கு என் குரலே தெரியாமப் போயிரும்டி. அவர்கிட்ட சொல்லித் தொலைக்காத, மனசு கஷ்டப்படுவாரு." எனக்கு வந்ததே கோபம்! நல்ல மைக் வாங்கலாம் வாருங்கள் என்று மாமாவைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் மாமாவின் மில்லுக்கு மாவு அரைக்க வருகிறவர்தான். பொறுமையாகச் சொன்னார். "ஒருத்தர் பாடுறதுன்னா ப்ரீஆம்ப் போதும்மா. மைக்ல விழுற சின்னக் குரலையும் தூக்கிக் குடுத்துரும். ரெண்டு பேர்னா மிக்ஸர். ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு குமிழ். கூட்டலாம், குறைக்கலாம்."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள தனித்தனி மைக் எதுக்கு? ப்ரீஆம்ப்பே குடுங்க!" என்று மாமா முழங்கினார்.

கடைக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரெண்டையும் கொண்டு போங்க. வேண்டாததைத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார்.

முதலில் ப்ரீஆம்ப். அக்கா குரலைத் தூக்கிக் கொடுத்தது உண்மைதான். கூடவே மாமா குரலையும் தூக்கியது! மைக்கை அக்கா வாயருகே வைத்துவிட்டு மாமாவைக் கூடத்து மூலைக்கு அனுப்பினேன். பிறகு அடுப்படிக்கு. பிறகு மாடிப்படிக்கு. அப்போதும் அவர் குரல்தான் கேட்டது. மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "குழந்தை தூங்கிருச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"கொஞ்சம் மெதுவாப் பாடுங்களேன் மாமா!"

"மெதுவாத்தானே பாடுறேன் சின்னவளே!"

செவிடன் காதில் ஊதின சங்கு.

ப்ரீஆம்ப்பைக் கழற்றி மிக்ஸரை மாட்டினேன். மாமாவைப் படுக்கையறையில் ஒரு மைக்கோடு உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். அக்கா கூடத்தில், என் பக்கத்தில். மூன்று பேர் காதிலும் ஹெட்ஃபோன். பாட்டு தொடங்கியதும் சத்தமில்லாமல் மாமாவின் குமிழைக் கீழே இறக்கினேன்.

அடேயப்பா, அக்காவின் குரல்! கூடப் பிறந்த எனக்கே புதிதாக இருந்தது. தூங்கும் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுவது போல, அவ்வளவு பதமாக ஒவ்வொரு சொல்லையும் வைத்தாள்.

இரண்டாவது வரியில் மாமாவின் குரல் அடியோடு நின்றுவிட்டது. போச்சுடா, குமிழை இறக்கியது தெரிந்து கோபித்துக்கொண்டார் என்று பதறி, அதை முழுக்க ஏற்றினேன். அப்போதும் சத்தமே இல்லை. அக்கா கண்களை மூடியபடி தனியாகவே பாடி முடித்தாள். அதற்குப் பிறகு ஹெட்ஃபோனில் ஒரு மெல்லிய குரல் வந்தது. மாமா அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஏம்மா... இத்தனை வருஷமா இதையா நான் கத்திக் கத்தி அமுக்கிட்டு இருந்தேன்?"

அக்காவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"கடைசியில பேசினதை வெட்டிரட்டுமா?" என்று கேட்டேன்.

"கைய வெச்சே, தெரியும் சேதி!" என்று கத்தினாள் என் அக்கா. கத்தினாள்! "அப்படியே அனுப்பு."

அனுப்பினோம். ப்ரீஆம்ப் கடைக்குத் திரும்பிப் போனது. மறுநாள் காலையில் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, இது தாலாட்டா என்ன? இவ தூங்கவே மாட்டேங்குறா. கண்ண முழிச்சுக்கிட்டுக் கேக்குறா. உங்க குரல் நின்னா அழறா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா ஃபோனை வாங்கி அவள் முகத்தருகே பிடித்தார்.

"பாடும்மா, நாங்க கேக்குறோம்" என்றார்.