நாகம்மாவின் கஞ்சிப்பசை

நாகம்மா குடியிருந்த தோணிரேவுக் குப்பத்திலிருந்து வந்த ஓடக்காரர்தான் செய்தியைச் சொன்னார். கடை வாசலில் நின்று, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "நாகம்மாக்கா போய்ட்டாங்க. காத்தால எழுப்பப் போனா ஒடம்பு சில்லுன்னு கீது" என்றார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் என்னோடு சண்டை போட்டுவிட்டு, மீதியை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். பிறகு உள்ளே போனேன். அவர் காய்ச்சி வைத்த பசை சட்டியில் இன்னும் கெடாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பழவேற்காட்டில் எங்கள் கடையில் புத்தகம் தைப்பது என் வேலை; அதில் ஒட்டுவது நாகம்மாவின் வேலை. கப்பலேறும் துணிகளின் மாதிரித் துண்டுகளை ஒட்டிப் புத்தகமாக்கிக் கொடுப்போம். கோட்டையில் குடியிருக்கும் ஒல்லாந்துத் துரைசானிகளும் தங்கள் ஞாபகப் பொருள்களைக் கொண்டுவருவார்கள். எதற்கு எந்தப் பசை என்பதில் நாகம்மா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காகிதத்துக்குக் கோதுமை மாவுப் பசை, பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் சேர்த்து. தடித்த துணிக்குப் புளியங்கொட்டைப் பசை. இறகுக்கும் காய்ந்த இலைக்கும் கறை விடாத விளாம்பிசின். அதுவும் கடல் காற்று ஈரமாக வீசும் நாளில் தொடமாட்டார். அரிசிக் கஞ்சியை மட்டும் அவர் மதித்ததே இல்லை. "அது பசையில்ல அண்ணாத்தே, பயந்தாங்கொள்ளி. தண்ணியக் கண்டா வுட்டுட்டு ஓடிடும்" என்பார்.

அவரை அமைதியானவர், பொறுமைசாலி என்று நான் எழுதினால் அவரோடு பழகியவர்கள் சிரிப்பார்கள். வாய் ஓயாது. எல்லாவற்றுக்கும் ஒரே பசையைக் காய்ச்சினால் வேலை சுருக்க முடியுமே என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். கையில் இருந்த தூரிகையை என் பக்கம் நீட்டி, "கட்டுமரத்துக்கும் கட்டிலுக்கும் ஒரே கயிறா கட்டுவே? ஒட்டுற சாமான் இன்னான்னு மொதல்ல பாரு, பசையப் பத்தி அப்பால பேசு" என்றார். அந்த வாரம் முழுக்க, கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி என் மானத்தை வாங்கினார்.

காய்ச்சலில் மகளைப் பறிகொடுத்த துரைசானி ஒருத்தி, குழந்தையின் கூந்தல் சுருளைக் கொண்டுவந்தாள். எந்தக் காலத்திலும் பெயராதபடி ஒட்டித்தர வேண்டும் என்று, அவள் பேச்சை மொழிபெயர்க்க வந்த துபாசி சொன்னார். நாகம்மா சுருளைக் கையில் வாங்காமலே தலையசைத்தார். "முடிய ஒட்டினா கட்டையா பூடும். ஒரு நாளு தொட்டுப் பாக்கணும்னு தோணும். அப்ப இன்னாம்மா பண்ணுவே?" துபாசி அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அழத் தொடங்கினாள். பசை வைக்காமல் பட்டு நூலால் இரண்டு இடத்தில் தைத்துக் கொடுத்தார் நாகம்மா. "பெத்தவளுக்குப் பசை எதுக்கு" என்று பிறகு என்னிடம் சொன்னார். அப்போது அவருடைய மகன் எல்லப்பன் உயிரோடு இருந்தான்.

எல்லப்பன், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் போனான். தோணி கவிழ்ந்ததில் மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள்; இவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்படிப் போனவர்களுக்கு அவர்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. உடலுக்குப் பதிலாக அவன் கட்டிய துணி அத்தனையையும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். துணி கரையில் தங்கினால் ஆளும் போகாமல் கரையிலேயே நிற்பான் என்று அஞ்சுவார்கள். நாகம்மா எல்லாவற்றையும் விட்டார். தலைப்பாகையில் மட்டும் ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அது தெரிந்ததும் குப்பத்துப் பெரியவர்கள் கடைக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் அவருடைய தம்பி வரதன். "யக்கா, புள்ளையப் போக வுடு. அங்க நின்னு தவிக்கிறான்" என்று கெஞ்சினார். நாகம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நா ஒண்ணும் புடிச்சி வெக்கல. வூட்ல ஒரு தாள்ல ஒட்டி வெச்சிக்கிறேன். கஞ்சிலதான் ஒட்டிக்கிறேன். அவனுக்குப் போவணும்னா சொட்டுத் தண்ணி போதும், கயண்டுக்குவான். என் கருமாதி அன்னிக்கு அந்தத் தாளத் தண்ணில காட்டுங்க, ரெண்டு பேரும் சேந்தே போய்ட்றோம்." பசையைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர்கள் சமாதானமாகித் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகும் பல வருடம் அவர் வேலைக்கு வந்தார், சண்டையும் போட்டார். ஆனால் சண்டை பாதியில் நின்றுவிடும். என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோனவராக ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். படகில் வீட்டுக்குப் போகும்போது முகத்துவாரத்தின் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

போன வாரம் அவருடைய கருமாதி. சொல்லியிருந்தபடியே வரதன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஏரியில் முழங்கால் அளவு இறங்கினார். பக்கத்தில் நானும் நின்றேன். தாளைத் தண்ணீரில் வைத்தோம். கஞ்சியாக இருந்தால் மூச்சு விடுவதற்குள் துணி மிதந்து பிரிந்திருக்கும். பிரியவில்லை. வரதன் விரலால் தள்ளிப் பார்த்தார். தாளின் ஓரமெல்லாம் ஊறிக் கரைந்து போனது. துணி ஒட்டிய இடம் மட்டும் பலகையாக நின்றது. அவர் அதை எடுத்து மோந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அண்ணாத்தே, இது குங்கிலியம்."

தோணியின் இடுக்கில் தண்ணீர் புகாமலிருக்க, எண்ணெயில் காய்ச்சிப் பூசுகிறார்களே, அந்தக் குங்கிலியம். எந்தத் தண்ணீருக்கும் அசையாதது. எங்கள் எல்லோரிடமும் பொய் சொல்லிவிட்டு, மகனைப் போகவிடவே கூடாது என்று ஒட்டியிருக்கிறார். அத்தனை வருடம் தனியாக அதைச் சுமந்திருக்கிறார்.

அப்படியே தண்ணீரில் விட்டோம். அலை கரைக்கே கொண்டுவந்தது. மறுபடி தள்ளினோம், மறுபடி வந்தது. வரதன் அதை எடுத்து என் கையில் வைத்தார். "நீயே வெச்சிக்க அண்ணாத்தே. எங்களுக்கு பயமா கீது."

நாகம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சிவப்புத் துண்டுதான். குங்கிலியத்தைக் கழற்ற வழி உண்டு. சூடான எண்ணெயைத் தடவினால் இளகிக் கொடுத்துவிடும். எனக்கு அது தெரியும். தோணிக்காரரான வரதனுக்கும் தெரியும். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.