கலாக்கா வீட்டுக் கதவு திறக்காது

கலாக்கா இறந்துவிட்டார். இன்று விடியற்காலையில், ஈப்போ மருத்துவமனையில். நெஞ்சுச் சளி முற்றிவிட்டது.

காலால் இல்லை. காலையில் இருந்து எல்லாரும் ஃபேஸ்புக்கில் "பாவம், இனியாவது கஷ்டம் இல்ல" என்று எழுதுகிறீர்கள்... அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன். நெஞ்சுச் சளி.

தெரியாதவர்களுக்கு: எங்கள் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்திலேயே, ஒரே வரிசையில் பக்கத்து வீடு. கொழுந்து பறிக்க அவர் ஏறிப் போன லோரி வளைவில் கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அதற்குப் பிறகு வீல்சேரும் தையல் மிஷினும்.

நான் நூலகத்தில் எடுத்து வரும் கதைப் புத்தகங்களை எனக்கு முன்னால் அவர்தான் முடிப்பார். ஒருநாள் ஒன்றைத் தூக்கி மேசையில் போட்டார்.

"கால் நடக்காதவங்கன்னா கடைசில செத்துடுறாங்க, இல்லாட்டி எழுந்து நடந்துடுறாங்க. நடுவுல நாங்க திருவிழாவுக்குக்கூட போறதில்லையா?"

திருவிழா... அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒவ்வொரு வருடமும் தேர் புறப்படும்போது அவரிடம் அன்பாகச் சொல்வார்கள், நீ எதுக்கும்மா அலையறே, சாமியே உன் வாசலுக்கு வரும் என்று. தேரும் வரும். தீபம் காட்டுவார்கள். பிறகு மேளம், விளக்கு, சனம் எல்லாம் வளைவில் இறங்கித் திடலுக்குப் போய்விடும்.

திடலில்தான் கடைகள், பாட்டு, கம்போங் ராஜாவில் இருந்து வரும் சொந்தக்காரர்கள், சண்டை, சமாதானம்... எல்லாம். அக்காவுக்கு விபூதியும் ஒரு பிளாஸ்டிக் பையில் முறுக்கும் வரும்.

நான் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் இருந்த வருடம். தேர் அவர் வாசலில் வந்து நின்றது. கதவு சாத்தியிருந்தது. விளக்கும் இல்லை, அர்ச்சனைத் தட்டும் இல்லை.

பூசாரி தீபத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். யாரோ கதவைத் தட்டினார்கள். மேளம் தானாக நின்றுவிட்டது.

அப்போதுதான் முன்னால் பார்த்தோம். வளைவில், நடு ரோட்டில், பட்டுச் சேலைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். மத்தியானமே கிளம்பித் தானே உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

கோயில் தலைவர் மாமா ஓடினார். ரோடு மேடும் பள்ளமுமா இருக்கு, நாங்க தேரைப் பார்ப்போமா உன்னைப் பார்ப்போமா, உன்னை யார் தள்ளுறது என்று கேட்டார்.

அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"சாமி மட்டும் நடந்தா வருது மாமா? அதுக்கும் சக்கரம்தான். அத இழுக்க ஊரே வருது. என்னத் தள்ள ஒரு ஆள் இல்லையா?"

முதலில் சிரித்தது என் அம்மா.

எங்கள் ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேட்டில் இழுக்கத் தேருக்கு முன்கயிறு. இறக்கத்தில் அது ஓடிவிடாமல் பிடித்து நிறுத்தப் பின்கயிறு. பின்கயிறு பிடிப்பவர்களில் என் அப்பாவும் ஒருவர். அவர் போய் ஒரு துண்டுக் கயிற்றை அக்காவின் வீல்சேருக்குப் பின்னால் கட்டினார்.

"கெட்டியா பிடிச்சிக்க கலா, எறக்கத்துல விட்டா நேரா பெர்த்தாம் பள்ளத்தாக்குலதான் போயி நிப்ப" என்றார். அக்கா, "அங்கயும் ஒரு திருவிழா இருந்தா விட்டுடுங்கண்ணே" என்றார்.

அன்று தேருக்கு முன்னால் போனவர் அவர்தான்.

திடலில் அவருக்கென்று ஒரு கூடாரம் கொடுத்தார்கள், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். அவர் என்னிடம் சொன்னது: "ஸ்பெஷல் சீட்டு பாரு. புகை ஃப்ரீ லா."

அடுத்த வருடம் கூடாரம் மேடைக்கு முன்னால் வந்தது. தானாக வரவில்லை. கோயில் கமிட்டிக் கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குப் படிக்கட்டு. அக்கா ஏற முடியாது. ஆகவே கீழேயே இருந்தபடி, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கமிட்டியே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு தூறலில் இறங்கி வந்தது.

அதற்குப் பிறகு வெளியில் இருந்தும் வந்தார்கள். கியா பார்மில் காய்கறி விற்கும் சீன ஆன்ட்டி, ஸ்ட்ரோக் வந்த தன் கணவரை வீல்சேரில் அழைத்து வந்தார். பார்வை இல்லாத ஒரு தம்பி முன்கயிற்றில் கை வைத்துக்கொண்டே திடல் வரைக்கும் நடந்தான். போன வருடம் வரிசையாக வீல்சேர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்கயிறு...

இப்போது இன்றைய விஷயம்.

கோயில் வாட்ஸ்ஆப் குழுவில் மத்தியானம் ஒரு மெசேஜ். இந்த வருடம் தேர் கலாக்கா வாசலில் கொஞ்சம் அதிக நேரம் நிற்குமாம். படம் வைத்து, மாலை போட்டு, தீபம் காட்டப் போகிறார்களாம். "சாமியே அவங்க வாசலுக்கு வரட்டும்" என்று எழுதியிருக்கிறது. கீழே கும்பிடும் கைகள்... எண்ண முடியவில்லை.

மன்னிக்க வேண்டும் தலைவர் மாமா. அந்தக் கதவு திறக்காது.

செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அக்காவின் அண்ணன் சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் கொடுக்க மாட்டேன். அப்பா கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அப்பா கேட்கவும் மாட்டார்.

திடலுக்கு இறங்கும் படிக்கட்டில் இன்னும் பலகைதான் கிடக்கிறது. மழையில் வழுக்குகிறது. சிமெண்டில் சரிவு போடுகிறோம் என்று அன்று தூறலில் உட்கார்ந்து சொன்னீர்கள். நாங்கள் எல்லாரும் காதால் கேட்டோம். மாலை போட வைத்திருக்கும் ஆட்களை அதற்கு அனுப்புங்கள்.

தேர் அன்று வீல்சேரில் வருகிறவர்கள் வளைவிலேயே காத்திருங்கள். அப்பா கயிறு கொண்டு வருவார்.

அக்கா, உங்கள் வீட்டு விளக்கை அணைத்துவிட்டேன். கதவைச் சாத்திப் பூட்டியாகிவிட்டது.

நீங்க முன்னால போங்க.